நாளுக்கு ஐந்து நீர்நாய்: அலூஷியன் கடலில் ஆற்றல் போன வழி

உணவுச் சங்கிலிப் படத்தைப் பள்ளியில் எல்லோரும் வரைந்திருப்போம். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு, நடுவில் அம்புக்குறிகள். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகும் என்று கீழே ஒரு வரி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறு சதுப்பு ஏரியின் ஆற்றல் வரவு செலவைப் போட்டுப் பார்த்து ரேமண்ட் லிண்டெமன் எழுதிய 1942 கட்டுரையிலிருந்து வளர்ந்த பாடம் அது. (கட்டுரை அச்சில் வருவதற்குள் 26 வயதிலேயே அவர் இறந்துபோனார்.) பாடத்தில் பிழை இல்லை. ஆனால் அம்பு ஆற்றல் போகும் திசையை மட்டும்தான் காட்டும். எவ்வளவு போகலாம் என்று முடிவு செய்வது யார் என்பது படத்தில் இருக்காது. உச்சியில் இருக்கும் விலங்குக்குக் கிடைப்பது சொற்பம் என்பதால், அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும்.

அந்த நினைப்பைச் சோதித்துப் பார்க்க அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே கடல் நீர்நாய் ஒருமுறை அழிந்து, மீண்டு, மறுபடி சரிந்திருக்கிறது. சரிந்தபோது ஆய்வாளர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

கடலும் அதில் இருப்பவையும்

அலாஸ்காவிலிருந்து ரஷ்யாவின் கம்சட்கா நோக்கி வளைந்து போகும் எரிமலைத் தீவு வரிசை அலூஷியன். குளிர், மூடுபனி, ஓயாத காற்று. கரையோரப் பாறைகளில் கெல்ப் என்னும் பெரிய பழுப்புப் பாசிகள் அடர்ந்து நிற்கும். சில வகைகள் அடியிலிருந்து நீர்மட்டம் வரை எழுந்து மேலே கூரைபோலப் படரும். இவற்றுக்கு வேர் கிடையாது. பாறையைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பற்றுறுப்புதான் உண்டு. சத்து முழுவதையும் இலைப்பரப்பு வழியாகக் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தப் பற்றுறுப்பைக் கடித்துவிட்டால் போதும், மொத்தப் பாசியும் அறுபட்டு மிதந்து போய்விடும்.

கடிப்பது கடல் முள்ளெலி. உடம்பெல்லாம் முள், அடியில் வாய், வாயில் ஐந்து பற்கள். பாறையைச் சுரண்டும் அளவுக்கு உறுதியான பற்கள் அவை. கெல்ப் செழித்திருக்கும் இடத்தில் முள்ளெலிகள் அதிகம் அலைவதில்லை. பாறை இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, உதிர்ந்து வரும் கெல்ப் துண்டுகளைப் பிடித்துத் தின்கின்றன. எண்ணிக்கை கூடி உதிரித் தீனி போதாமல் போகும்போதுதான் வெளியே வந்து, நிற்கிற பாசியில் வாய் வைக்கும்.

முள்ளெலியைத் தின்பது நீர்நாய். திமிங்கிலம், சீல் போன்ற மற்றக் குளிர்க்கடல் பாலூட்டிகளுக்குத் தோலுக்கடியில் தடிமனான கொழுப்புப் போர்வை இருக்கும். நீர்நாய்க்கு அது இல்லை. குளிரைத் தடுப்பது உரோமம். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகள். அப்படியும் வெப்பம் போய்க்கொண்டே இருப்பதால் உள்ளே அடுப்பு அணையாமல் எரிந்தாக வேண்டும். ஒரு நாளில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை தின்கிறது. 30 கிலோ விலங்கு என்றால் ஆறேழு கிலோ இரை. அடியில் முங்கி முள்ளெலிகளை அள்ளி, அக்குளுக்குக் கீழே தொங்கும் தளர்ந்த தோல்மடிப்பில் செருகிக்கொண்டு மேலே வரும். மல்லாந்து மிதந்து, நெஞ்சின்மேல் ஒரு கல்லை வைத்து, இரையை அதில் அடித்து உடைத்துத் தின்னும். இத்தனை பசியுள்ள விலங்கு கரையோரத்தில் கூட்டமாக இருந்தால் முள்ளெலிகள் என்ன ஆகும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஆனால் 1970 வரை யாரும் அதை அளந்து காட்டியிருக்கவில்லை.

தோல் வியாபாரம் விட்டுச்சென்ற பரிசோதனை

1741-இல் விட்டஸ் பெரிங்கின் ரஷ்யப் பயணக் குழு இந்தக் கடலுக்கு வந்து, திரும்பும்போது நீர்நாய்த் தோல்களைக் கொண்டுபோனது. அப்புறம் 170 ஆண்டுகள் வேட்டைதான். வட பசிபிக் முழுவதும் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருந்திருக்கும் என்று மதிப்பிடப்படும் விலங்கு, 1911-இல் பன்னாட்டு ஒப்பந்தம் வேட்டையை நிறுத்தியபோது, சிதறிக் கிடந்த பத்துப் பதின்மூன்று இடங்களில் எல்லாம் சேர்த்து ஓரிரு ஆயிரம்தான் மிஞ்சியிருந்தது.

மிஞ்சிய கூட்டங்களில் ஒன்று அலூஷியன் வரிசையின் மேற்குப் பகுதியில், அம்சிட்காவை உள்ளடக்கிய தீவுக் கூட்டத்தில் இருந்தது. அங்கே நீர்நாய்கள் பெருகி 1970-க்குள் கடல் நிரம்பிவிட்டது. இன்னும் மேற்கே, ஷெமியா, அட்டு தீவுகளை அவை எட்டிப் பிடிக்கவில்லை. நடுவில் ஆழமான, அகலமான கடல். அதே குளிர், அதே பாறை, அதே பாசி இனங்கள். ஒரு பக்கம் நீர்நாய் உண்டு, மறுபக்கம் இல்லை. ஆய்வாளர் யாராவது இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்றால் ஆயுள் போதாது. வியாபாரிகள் அறியாமல் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஜேம்ஸ் எஸ்டஸ் என்ற இளம் ஆய்வாளர் 1970-இல் அம்சிட்காவுக்கு வந்த காரணம் இன்னும் விசித்திரமானது. அமெரிக்கா அந்தத் தீவின் அடியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தது. 1971-இல் வெடித்தது ஏறத்தாழ 5 மெகாடன். அதையொட்டி நீர்நாய்களைக் கவனிக்கும் வேலை எஸ்டஸுக்குக் கிடைத்தது. கெல்ப் காடு நீர்நாய்களை எப்படி வாழவைக்கிறது என்று ஆராய்வது அவர் எண்ணம். அப்போது தீவுக்கு வந்திருந்த ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர், கேள்வியைத் திருப்பிப் போடச் சொன்னார்: நீர்நாய் கெல்ப்பை என்ன செய்கிறது?

பெய்ன் அப்படிக் கேட்டதற்குப் பின்னணி உண்டு. 1963 முதல் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் ஒரு வகை நட்சத்திர மீனைப் பிடுங்கிப் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்துகொண்டிருந்தவர் அவர். அது இல்லாத பாறையில் சிப்பிகள் இடத்தை வளைத்துக்கொள்ள, 15 இனங்கள் இருந்த இடத்தில் சில ஆண்டுகளில் 8 மட்டும் எஞ்சின. எண்ணிக்கையில் சிறியதாக இருந்தும் முழு அமைப்பையும் தாங்கி நிற்கும் இப்படிப்பட்ட உயிரினத்துக்கு, வளைவின் உச்சியில் வைக்கும் கல்லை நினைத்து ‘ஆணிக்கல் இனம்’ என்று சொல்லத்தக்க பெயரை 1969-இல் வைத்தவரும் அவர்தான்.

எஸ்டஸ் ஷெமியாவுக்குப் போய் நீருக்குள் தலையை விட்டார். அடிப்பரப்பு முழுக்கப் பெரிய பெரிய முள்ளெலிகள், கெல்ப்பைக் காணோம். அம்சிட்காவில் பார்த்ததற்கு நேர்மாறு. அந்த ஒரு நொடியில் விஷயம் புரிந்துவிட்டது என்று பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். ஜான் பால்மிசானோவுடன் சேர்ந்து அவர் எழுதிய ஒப்பீடு 1974-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது.

ஒப்பீடு என்பது நிரூபணம் ஆகாது, தீவுக்குத் தீவு வேறு ஏதாவது வித்தியாசம் இருக்கலாம் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் வேறு இடங்களிலிருந்து வந்தது. 1965-க்கும் 1969-க்கும் இடையில் தென்கிழக்கு அலாஸ்காவில் 412 நீர்நாய்களையும், 1969-க்கும் 1972-க்கும் இடையில் கனடாவின் வான்கூவர் தீவில் 89 நீர்நாய்களையும் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவை பரவிய இடங்களில் முள்ளெலி குறைந்து கெல்ப் எழுந்தது. பரவாத இடங்களில் பாறை மொட்டையாகவே கிடந்தது.

கெல்ப்பின் கரிமம் யார் வயிற்றில்?

நீர்நாய் இருக்கும் கரையில் கெல்ப் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 313 முதல் 900 கிராம் வரை கரிமத்தைக் கட்டிச் சேர்க்கிறது. இல்லாத கரையில் 25 முதல் 70 கிராம். இது 2012-இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின் மதிப்பு. சூரியன் அதேதான், நீரில் சத்தும் அதேதான். ஒரு மாமிச உண்ணி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அடித்தட்டு உற்பத்தியே பன்னிரண்டு மடங்கு மாறுகிறது. பாடப்புத்தகப் படத்தில் கீழிருந்து மேலே போகும் அம்புகளை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது.

உற்பத்தியான கெல்ப் எங்கே போகிறது? பச்சையாகத் தின்னப்படுவது குறைவு. பெரும்பகுதி அலையில் கிழிந்து, உதிர்ந்து, பொடியாகி நீரில் மிதக்கிறது. அந்தப் பொடியைச் சிப்பிகளும், ஓட்டோடு பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகளும் வடிகட்டித் தின்கின்றன. இதை டேவிட் டகின்ஸும் எஸ்டஸும் சார்ல்ஸ் சிமென்ஸ்டாடும் 1989-இல் அழகாகக் காட்டினார்கள். கெல்ப்பில் கரிமத்தின் கனமான வகையான கரிமம்-13 சற்று அதிகம், மிதவைப் பாசியில் குறைவு. ஆகவே ஒரு விலங்கின் தசையை எடுத்து இந்த விகிதத்தைப் பார்த்தால், அதன் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். வடிகட்டித் தின்னும் சிப்பியிலிருந்து மீன், கடற்பறவை வரை கெல்ப்பின் முத்திரை இருந்தது. நீர்நாய் உள்ள தீவுகளில் சிப்பியும் கொட்டலசும் இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகமாக வளர்ந்தன. நீர்நாயோடு எந்தத் தொடர்பும் இருப்பதாகத் தோன்றாத ஒரு கொட்டலசு, நீர்நாய் முள்ளெலியைத் தின்பதால் கொழுக்கிறது!

மீன்கள் கெல்ப் நிழலில் கூடுகின்றன. நீர்நாய் உள்ள தீவுகளில் அங்குள்ள ஒரு வகைக் கடற்காகங்கள் பெரும்பாலும் மீன் தின்றன. இல்லாத தீவுகளில் கரையோர முள்ளெலிகளையும் சிப்பி வகைகளையும் பொறுக்கின. வெண்தலைக் கழுகுக்கு மீனோடு நீர்நாய்க் குட்டியும் இரை.

எண்பதுகளின் இறுதியில் கதை முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

காணாமல் போன நாற்பதாயிரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அதே அலூஷியன் வரிசையிலுள்ள அடாக் தீவைச் சுற்றி நீர்நாய்கள் குறைய ஆரம்பித்தன. முதலில் இடம் பெயர்ந்திருக்கும் என்று நினைத்தார்கள். பக்கத்துத் தீவுகளிலும் அதே நிலை. ஆண்டுக்கு 25 சதவீத வேகத்தில், பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரே சமயத்தில் குறைந்துகொண்டிருந்தன. ஆகவே இடப்பெயர்வு இல்லை.

பட்டினியா? நீர்நாய் குறையக் குறைய முள்ளெலி பெருகிக்கொண்டிருந்தது, தீனிக்குப் பஞ்சமே இல்லை. குட்டி ஈனுவது குறைந்ததா? ரேடியோ பொருத்திக் கவனித்த விலங்குகளில் பிறப்பு விகிதம் சரியாகவே இருந்தது. நோய் அல்லது நஞ்சு என்றால் கரையில் உடல்கள் ஒதுங்க வேண்டும். ஒதுங்கவில்லை. என் பார்வையில் இந்த ஆய்வின் மிகக் கூர்மையான இடம் இதுதான்: கிடைக்காத பிணங்களே சாட்சியாகிவிட்டன. செத்தவை மிச்சமில்லாமல் எங்கேயோ போயிருக்க வேண்டும்.

1991-இல் கொலைத் திமிங்கிலம் எனப்படும் ஓர்க்கா ஒன்று நீர்நாயைத் தாக்கியதை ஆய்வுக் குழு முதன்முதலாகப் பார்த்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக இரண்டும் ஒரே நீரில் அருகருகே நீந்துவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அடாக்கில் கிளாம் லகூன் என்ற காயல் உண்டு. வாய் குறுகலாக, ஆழமில்லாமல் இருப்பதால் ஓர்க்கா உள்ளே வர முடியாது. கொஞ்சம் தள்ளியிருக்கும் குலுக் விரிகுடா திறந்த கடல். இரண்டு இடத்திலும் நீர்நாய்களுக்கு அடையாளமிட்டுக் கவனித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் குலுக் விரிகுடாவில் 65 சதவீதம் மறைந்துவிட்டன. காயலில் 12 சதவீதம்.

அடுத்தது ஆற்றல் கணக்கு. ஆறு ஆண்டில் காணாமல் போனவை ஏறத்தாழ நாற்பதாயிரம் நீர்நாய்கள்; அத்தனையையும் தின்ன எத்தனை ஓர்க்கா வேண்டும்? உடல் இயக்க ஆய்வாளரான டெரி வில்லியம்ஸ் குழுவில் இருந்ததால் கணக்கு திருத்தமாக வந்தது. 5,600 கிலோ எடையுள்ள ஆண் ஓர்க்காவுக்கு ஒரு நாளைக்கு மூன்று லட்சம் கிலோ கலோரிக்குச் சற்று மேல் தேவை. 34 கிலோ ஆண் நீர்நாய் ஒன்றில் இருப்பது சுமார் 61,500 கிலோ கலோரி. ஆக, நாளுக்கு ஐந்து. வேறு எதையும் தொடாமல் நீர்நாயை மட்டுமே தின்றால் ஆண்டுக்கு 1,825. ஆறு ஆண்டில் நாற்பதாயிரம் என்றால் ஆண்டுக்கு ஆறாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். வகுத்துப் பார்த்தால் விடை 3.7.

நான்கு விலங்குகள்கூட இல்லை! உண்மையில் நான்கே ஓர்க்காக்கள் சேர்ந்து இதைச் செய்தன என்று யாரும் சொல்லவில்லை. பல கூட்டங்கள் அவ்வப்போது தின்றிருக்கலாம். கணக்கு சொல்வது, ஓர்க்காவின் ஆற்றல் தேவையில் மிகச் சிறிய திருப்பம் நடந்தாலே ஒரு பெரும் பரப்பின் நீர்நாய்களைத் துடைத்துவிட அது போதும் என்பது.

பின்விளைவு கடலடியில் தெரிந்தது. 1987-க்கும் 1997-க்கும் இடையில் அடாக்கில் முள்ளெலியின் மொத்த எடை எட்டு மடங்கு கூடியது. கெல்ப் அடர்த்தி பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. கெல்ப் துண்டுகளைக் கட்டி வைத்துச் சோதித்தபோது, முன்பு ஒரு நாளில் 1.1 சதவீதம் தின்னப்பட்ட பாசி இப்போது 47.5 சதவீதம் தின்னப்பட்டது. எஸ்டஸ், டிம் டிங்கர், வில்லியம்ஸ், டேனியல் டோக் நால்வரும் 1998-இல் இதை வெளியிட்டார்கள். மூன்று படியாக இருந்த சங்கிலியில் மேலே நான்காவது படி ஒன்று சேர, கீழே ஒன்றுவிட்டு ஒன்று எல்லாம் தலைகீழானது. 2005-இல் தென்மேற்கு அலாஸ்கா நீர்நாய்களை அமெரிக்க அரசு அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்று பட்டியலிட்டது.

கழுகுகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நீர்நாய்க் குட்டியும் கரையோர மீனும் குறைந்தபோது அவை கடற்பறவைகளுக்கு மாறிக்கொண்டன. பறவைக் கறியில் கலோரி அதிகம். குஞ்சு பொரித்து வளர்ப்பது சற்றே மேம்பட்டது என்றுகூடப் பதிவாகியிருக்கிறது. கெல்ப் போனால் எல்லாம் போச்சு என்று எழுதுவது எளிது, ஆனால் உணவு வலை அப்படி ஒரே சீராக அறுந்துபோவதில்லை.

ஓர்க்காவுக்கு ஏன் இந்த ஆசை?

இங்கேதான் சண்டை. கொழுப்பு நிறைந்த சீலையும் கடற்சிங்கத்தையும் விட்டுவிட்டு, முடியும் எலும்புமான நீர்நாயிடம் ஓர்க்கா ஏன் வர வேண்டும்? ஆலன் ஸ்பிரிங்கரும் எஸ்டஸும் மற்றவர்களும் 2003-இல் ஒரு பெரிய விளக்கம் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொழில்முறை வேட்டை வட பசிபிக்கின் பெருந்திமிங்கிலங்களை வாரிக்கொண்டு போனது. அவற்றைத் தின்றுவந்த ஓர்க்காக்கள் சீல்களுக்கு இறங்கின. அவை குறைய, கடற்சிங்கங்களுக்கு. அதுவும் குறைய, நீர்நாய்க்கு. எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவு வந்த வரிசை இதோடு பொருந்துகிறது.

பொருந்துவது வேறு, நடந்தது வேறு என்று எதிர்த்தவர்கள் பலர். ஓர்க்காவுக்குப் பெருந்திமிங்கிலம் எக்காலத்திலாவது பிரதான உணவாக இருந்ததா என்பதே கேள்விக்குறி. சீல், கடற்சிங்கச் சரிவுகள் அவர்கள் காட்டிய அளவுக்கு ஒழுங்கான வரிசையில் வரவில்லை. கடல் வெப்பநிலை மாற்றமும் மீன்பிடியும் கணக்கில் வர வேண்டும் என்றார்கள். ஓர்க்கா நீர்நாயைத் தின்றது என்பதற்கு இருக்கும் அத்தாட்சியின் பலம், திமிங்கில வேட்டைதான் ஆதிகாரணம் என்ற முடிவுக்கு இல்லை என்றே எனக்குப் படுகிறது. காயலும் விரிகுடாவும் போல ஒரு நேரடி ஒப்பீடு அந்தக் கேள்விக்குக் கிடைக்கவில்லை, இனி கிடைக்கவும் வழியில்லை.

கெல்ப் தீர்ந்த பின்னும் முள்ளெலி சும்மா இருப்பதில்லை. அலூஷியன் கடலடியில் நூற்றாண்டுகளாக வளர்ந்த சிவப்புச் சுண்ணாம்புப் பாசித் திட்டுகள் உண்டு. அவற்றையும் முள்ளெலிகள் அரித்துத் துளைக்கின்றன. மர வளையம்போல ஆண்டு வளையம் விடும் பாசி அது. எந்த ஆண்டில் எவ்வளவு கடிபட்டது என்பது அதிலேயே பதிந்திருக்கிறது. 2020-இல் டக்ளஸ் ராஷர் குழு இதைப் படித்ததோடு, தொழிற்புரட்சிக்கு முந்தைய கடல்நிலையையும் இன்றைய நிலையையும் ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்த்தது. வெப்பமும் அமிலத்தன்மையும் கூடிய இன்றைய நீரில் முள்ளெலியின் அரிப்பு 34 முதல் 60 சதவீதம் அதிகம்.

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு குறுக்குச் சான்று

அலூஷியன் பாடத்தை வைத்துக்கொண்டு, நீர்நாயைக் கொண்டுவிட்டால் கெல்ப் திரும்பிவிடும் என்று சொல்பவர்கள் இப்போது அதிகம். வடக்குக் கலிஃபோர்னியாவில் இந்தப் பேச்சு சூடாகவே இருக்கிறது. அங்கே நீர்நாய் வேட்டையில் ஒழிந்தது ஒழிந்ததுதான். முள்ளெலியைக் கட்டுப்படுத்திவந்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். 2013-இல் தொடங்கிய, உடலை உருக்கிக் கரைக்கும் ஒரு நோயில் அது கொத்துக் கொத்தாகச் செத்தது. ஒரு வகை விப்ரியோ பாக்டீரியாதான் காரணம் என்று 2025-இல்தான் கண்டுபிடித்தார்கள். கூடவே கடல் வெப்ப அலையும் வர, 350 கிலோமீட்டர் கரையில் 90 சதவீதத்துக்கு மேல் கெல்ப் போய்விட்டது.

தெற்கே மான்டரே விரிகுடாவில் நீர்நாய் உண்டு. அங்கும் நட்சத்திர மீன் செத்தது, ஊதா முள்ளெலி பெருகியது. நீர்நாய்கள் முள்ளெலியை முன்னைவிடக் கூடுதலாகத் தின்றன. ஆனால் எங்கே தின்றன என்று ஜோஷுவா ஸ்மித் குழு பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கெல்ப் இன்னும் நிற்கும் திட்டுகளில் மட்டுமே தின்றன. மொட்டைப் பாறையில் கம்பளம்போல விரிந்து கிடந்தவற்றைச் சீண்டவில்லை. காரணம் கலோரி. பட்டினி கிடக்கும் முள்ளெலி தன் இனப்பெருக்க உறுப்பையே கரைத்து உண்டு ஆண்டுக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓட்டை உடைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. நாளெல்லாம் தின்றாக வேண்டிய விலங்கு வெறும் ஓட்டுக்காக மூச்சடக்கி முங்குமா?

எனவே நீர்நாய் செய்வது, எஞ்சிய கெல்ப் திட்டுகளைக் காப்பது. அங்கிருந்து வித்துகள் பரவ வாய்ப்பு உண்டு. முற்றிலும் மொட்டையான வடக்குக் கரையில் நீர்நாயை விட்டால் அதே வேகத்தில் வேலை நடக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. ஆரகன், வடக்குக் கலிஃபோர்னியாக் கரைகளில் மறுபடி விடுவது சாத்தியம்தான் என்று அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை 2022-இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. நண்டு பிடிப்பவர்களின் எதிர்ப்பு அதற்கு முன்பே கிளம்பிவிட்டது; தென்கிழக்கு அலாஸ்காவில் நீர்நாய் பரவிய இடங்களில் நண்டும் பெருஞ்சிப்பியும் குறைந்ததை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள், அதில் பொய் இல்லை. இதற்கிடையில் வடக்குக் கலிஃபோர்னியாவின் மென்டசினோ பகுதியில், காஸ்பர் என்ற சிறு குடாவில் தன்னார்வ முக்குளிப்பவர்கள் சுத்தியலோடு இறங்கி, நீர்நாய் தொடாத அந்த வெற்று முள்ளெலிகளை ஒவ்வொன்றாக உடைத்துவந்தார்கள்.